தண்ணீர் படக்கூடாத வாழை

தியாகராஜா பச்சை வாழையை வெட்டிச் சாய்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற சிவப்பு இலை வாழையின் அடிக்குக் கத்தியை ஓங்கியபோதுதான் தவநாயகி வெறுங்காலோடு தோட்டத்துக்குள் ஓடிவந்தாள்.

"தியாகு! கையை எடும்!"

கணவரின் தம்பி நிமிர்ந்தார். விடியவே நகரத்தின் மற்றக் கோடியிலிருக்கிற ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து வந்திறங்கியவர். கையில் இருந்தது அவளுடைய இறைச்சி வெட்டும் கத்தி.

"பத்து மணிக்கு அண்ணையின்ர பெட்டி வந்திடும் மச்சாள். கேற்றுக்கு ரெண்டு பக்கமும் வாழை கட்டவேண்டாமோ? அவற்ற வளவில வாழை நிக்க, நான் கடைக்கு ஓடுறதே?"

"செத்த வீட்டுக்கு மொந்தன் வாழையெல்லோ கட்டுறது. இது என்ன சாதியெண்டு தெரியுமோ உமக்கு?"

"இந்தக் குளிர் நாட்டில, சட்டனில மொந்தனுக்கு எங்க போறது? வாழை எண்டா வாழைதான். வெட்டினா என்ன, பக்கத்தால குட்டி வரும்."

"பச்சைக்கு வரும். இதுக்கு வராது. இது குட்டி போடாத சாதி."

"குட்டி போடாததும் ஒரு வாழையே? அதை வைச்சு என்ன..."

தியாகு சட்டென்று வாயை மூடிக்கொண்டார். முப்பத்தெட்டு வருடம் பிள்ளையில்லாமல் வாழ்ந்தவளிடம் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தவநாயகி கத்தியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

உண்மையைச் சொன்னால், அந்த மரத்தை வெட்டி எறியவேண்டும் என்று பதினாலு வருடமாக நினைத்தவளே அவள்தான். குலை தள்ளாது. அந்தச் சிவத்த இலையில் சோறு போட ஒருவருக்கும் மனம் வராது. "அது வடிவுக்கு" என்பார் அவள் கணவர் சபாரத்தினம். நல்ல வடிவு! குளிர் தொடங்கினால் இலைகளை வெட்டி, வேரோடு கிளப்பி, அவள் துடைத்து வைத்த குசினி நிலமெல்லாம் மண் கொட்ட மாடிக்குச் சுமந்துபோய், குளியலறைத் தொட்டிக்குள் தலைகீழாக நிறுத்திவிடுவார். இலையிடுக்கில் நிற்கிற தண்ணீர் மூன்று நாள் வடியவேண்டுமாம். இல்லாவிட்டால் நடுத்தண்டு அழுகிவிடுமாம். பிறகு பேப்பர் சுற்றி, படிக்குக் கீழே அவளுடைய பெரிய சட்டிகளை வெளியே தள்ளிவிட்டு, பங்குனி வரைக்கும் அதற்கு அங்கே குடித்தனம்.

"மூண்டு நாளும் நான் எங்க குளிக்கிறது?" என்று வருடாவருடம் கேட்பாள்.

"பக்கத்தில நிண்டு குளியுமன். அது என்ன, கண்ணை முழிச்சுப் பாக்கப்போகுதே? அதில தண்ணி மட்டும் படக்கூடாது."

ஒரு வருடமாவது அவள் அப்படிக் குளித்ததில்லை. துவாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக் கிளறிற்றாவிடம் போய்விடுவாள்.

இந்த வருடம் மூன்று ஞாயிறாக "அடுத்த கிழமை கிளப்புறன்" என்று சாட்டுச் சொன்ன மனிதர், ஒரு செவ்வாய்க்கிழமை தேத்தண்ணி கேட்டார். கொண்டுவந்து வைப்பதற்குள் கதிரையில் இருந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல், வாழையையும் கிளப்பாமல். அவளுக்கு அழுகைக்கு முதல் எரிச்சல்தான் வந்தது. இந்த ஊரில் உடலைத் தரப் பிடித்த பதினொரு நாளும் அந்த எரிச்சலைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பி நடமாடினாள்.

பெட்டி வந்தபோது கேற்றில் ஒற்றை வாழை நின்றது. ஒற்றையாகக் கட்டுவது முறையில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"கட்டினது காணும், ஒண்டே போதும்" என்றாள் தவநாயகி.

மின்மயானத்தில் தியாகுதான் பொத்தானை அழுத்தினார். திரை மூடியது. திரும்பி வரும்போது காரில் தியாகுவின் மகள் தனுஷியா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, இண்டைக்கு நைட் மைனஸ் த்ரீயாம். ஹீட்டிங்கைப் போட்டுவிடுங்கோ."

தவநாயகி ஜன்னல் பக்கம் திரும்பி, "அறுந்த மனுசன், வாழையைக் கிளப்பாமல் போயிட்டார்" என்றாள். தனுஷியா போனை வைத்துவிட்டாள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மணி மூன்றரை. குளிர்கால வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

"ஒருத்தரும் குளிக்காமல் ஒண்டையும் தொடப்படாது" என்றார் தியாகு. "மச்சாள், முதல் நீங்கள் போங்கோ."

அவள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், கொட்டிலிலிருந்து மண்வெட்டியை எடுத்தாள்.

"என்ன செய்யிறியள் மச்சாள்?"

"குளிக்கத்தானே போறன். படுகிற ஊத்தையெல்லாம் இப்பவே படட்டும்."

வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொத்தினாள். நாலு கொத்தில் மூச்சு வாங்கியது. தியாகு கோட்டைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டியை வாங்கினார்.

"அடியில கொத்தாதேயும், வேர் போயிடும். ஒரு சாண் தள்ளிக் கொத்தும். தனுஷியா, இலையளை வெட்டு பிள்ளை. நடுக்குருத்தை மட்டும் விடு."

"இதெல்லாம் உங்களுக்கு எப்பிடி மச்சாள் தெரியும்?"

"பதினாலு வருசமா ஏசிக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றாள். பிறகு, "ஒரு நாளாவது அந்தாளுக்குக் கை குடுக்கேல்லை" என்றாள். தியாகு தலை நிமிராமல் கொத்தினார்.

மூன்று பேருமாகத் தூக்கினார்கள். குசினி, படி, மாடி எங்கும் மண். தொட்டிக்குள் தலைகீழாக, சுவரோடு சாய்த்து நிறுத்தினார்கள். குருத்து வழியே கபில நிறத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

"இனி நாங்கள் எங்க குளிக்கிறது?" என்றார் தியாகு, தோள் வரை மண்ணாக.

"கிளறிற்றா வீட்டில. மனுசிக்குப் பழக்கம்."

"அப்ப நீங்கள்?"

அவள் குளியலறைக் கதவை உள்ளிருந்து சாத்தினாள்.

ஷவரைத் திறக்கவில்லை. சின்ன வாளியில் சுடுதண்ணீர் பிடித்து, ஒரு கோப்பையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள். இரண்டு பேருக்கு இடம் போதவில்லை. கொடியில் கிடந்த ஒரே துவாயை எடுத்து வாழையைச் சுற்றிப் போர்த்தினாள். தொட்டியின் மற்ற அந்தத்தில் குந்தியிருந்து, தெறிக்காமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, கோப்பை கோப்பையாகத் தலையில் வார்த்தாள்.

வாளி வெறுமையானது. துடைக்க வேறு துவாய் இல்லை. ஈரத்தோடு அப்படியே இருந்தாள்.