அரைக் கட்டை கீழே

அக்காவின் பாட்டை நான் குறை சொல்லலாம். வேறு யார் சொன்னாலும் சும்மா விடமாட்டேன். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் கழித்து அவள் பாடகர் குழுவுக்குத் திரும்பினாள். அவள் தனியாகப் பாடும் பாட்டின் உச்சியில் ஒரே ஒரு சுரத்தில் குரல் உடைந்தது. "சனிக்கிழமை ஒத்திகையிலயும் இப்படின்னா வேற ஆள் பாடட்டும்" என்று குழுத் தலைவி சொல்லிவிட்டார்.

"வீட்ல அவர் பியானோ வாசிச்சா நல்லா வருதுடி. இங்க வந்தாதான் பயம்" என்றாள் அக்கா. சுருதியை இறக்கலாமா என்று கேட்டாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆகவே நான் கேட்கவில்லை.

இசைத்தாள்களைக் கணினியில் கோத்து அச்சடிப்பது என் பிழைப்பு. முழுப் பாட்டையும் தேர்ந்தெடுத்து அரைக் கட்டை இறக்கு என்றால் மென்பொருள் ஒரு நொடியில் இறக்கிவிடும். தலைவலி அதற்குப் பிறகுதான். ஒரு குறியும் இல்லாமல் இருந்த பாட்டின் தலையில் சுருதிக் குறியாக ஐந்து ஷார்ப் ஏறிக்கொண்டது; நடுவில் முளைத்த குறிகள் பாடல் வரிகளை இடித்தன. எல்லாவற்றையும் நகர்த்திச் சரிசெய்து, வயலினுக்கு ஒரு தாள், பியானோவுக்கு ஒரு தாள் எடுத்தேன். அக்காவுக்குப் பாட்டு மனப்பாடம், தாளையே தொடமாட்டாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை தலைவி வருவதற்கு முன்பே அக்கா, அத்தான், வயலின்காரர், நான் என்று நால்வரும் ஒத்திகைக் கூடத்தில் இருந்தோம். சுருதியை இறக்கியிருப்பதை வயலின்காரரிடம் காதோடு காதாகச் சொல்லிவிட்டேன். கூடத்துப் பியானோ பழுதென்று, அத்தான் வீட்டிலிருந்த மின்பியானோவைச் சுமந்து வந்திருந்தார். என் தாளில் ஐந்து ஷார்ப்பைப் பார்த்ததும் புரிந்துகொண்டு தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது.

அத்தான் தொடங்கினார். வயலின் சேர்ந்தது. இரண்டும் வேறு வேறு சுருதி; கேட்கச் சகிக்கவில்லை. அக்கா வாயைத் திறக்கவே இல்லை.

அத்தான் பியானோவின் ஓரத்தில், வாசிப்பதை அப்படியே அரைக் கட்டை இறக்கி ஒலிக்கவைக்கும் சிறு பொத்தானைப் பார்த்து வெளிறிப்போனார். "வீட்ல போட்டது. எடுக்க மறந்துட்டேன்."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "அப்ப வீட்ல நான் பாடினது?"

"அரைக் கட்டை கீழதான். உன் முகத்துல அவ்வளவு சந்தோஷம். சொல்ல மனசு வரல."

அவள் என் தாளையும் எடுத்துப் பார்த்தாள். பிறகு வயலின்காரரிடம் பழைய சுருதியில் அந்த உச்சிச் சுரத்தை மட்டும் வாசிக்கச் சொல்லிப் பாடினாள். உடைந்தது. இன்னொரு முறை பாடினாள். உடைந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆளாளுக்கு அரைக் கட்டை இறக்கிட்டே போனா, கடைசில நான் ஆம்பளைக் குரல்லதான் பாடணும்" என்றாள். "பொத்தானை எடுங்க. இவ அடிச்ச தாளையே வாசிங்க. எனக்கும் ஒண்ணு வேணும்டி."

"உனக்குத்தான் மனப்பாடமாச்சே?"

"பாட்டு மனப்பாடம்தான். நான் எங்க நிக்கிறேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

பியானோ தாளை வாங்கி, ஐந்து ஷார்ப்பையும் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். தலைவி உள்ளே வந்தார். நாங்கள் மூவரும் வாய் திறப்பதற்குள் அக்கா எழுந்து நின்றாள்.

"அரைக் கட்டை இறக்கிப் பாடுறேன்" என்றாள்.