சரி என்று சொன்ன சர்வர்

தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்ளும் கடிதத்தில் கையெழுத்துப் போட அவளுக்குச் சாயங்காலம் நான்கு மணி வரை நேரம் கொடுத்திருந்தார்கள். போட்டால் வேலை போகும். வேறு எங்கே போனாலும் அந்தக் கெட்ட பெயர் கூடவே வரும்.

அது ஒரு ஸ்கேன் மையத்தின் முன்பதிவுத் தளம். முன்னால் மக்கள் பதிவு செய்கிற வெப்சைட். பின்னால் பதிவுகளைச் சேமித்து வைக்கிற சர்வர், மகா சோம்பேறி. இரண்டுக்கும் நடுவில் ப்ராக்ஸி என்கிற இடைத்தரகு மென்பொருள் ஒன்றை அவள்தான் வடிவமைத்தாள். சர்வர் சோம்பல் முறித்து எழுந்து வரும்வரை அது யாரையும் காக்க வைக்காது. பதிவை வாங்கி வரிசையில் வைத்துவிட்டு, ‘கிடைத்தது’ என்று உடனே சொல்லி அனுப்பிவிடும். பிறகு சாவகாசமாக ஒவ்வொன்றாகச் சர்வரிடம் கொடுக்கும். சர்வர் ‘சரி’ என்றால்தான் தன்னிடமுள்ள பிரதியை அழிக்கும். இல்லாவிட்டால் விடாக்கண்டனாகத் திரும்பத் திரும்ப அனுப்பும்.

அந்தச் சர்வரைக் கட்டி மேய்ப்பவன் அவள் கணவன். ஒரே அலுவலகம், அடுத்தடுத்த அறை. “வீட்டுச் சண்டையைத்தான் ரெண்டு பேரும் சாஃப்ட்வேரா எழுதியிருக்கீங்க” என்று மேனேஜர் கிண்டலடிப்பார்.

மூன்று வாரமாகப் பதிவுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ‘கிடைத்தது’ என்ற செய்தியைப் போனில் காட்டிக்கொண்டு, ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு வந்தவர்களையெல்லாம் வரவேற்பில் திருப்பி அனுப்பினார்கள். நடுவில் நின்றது ப்ராக்ஸி என்பதால் பழி அதன் தலையில் விழுந்தது. எழுதிய வரிகளையே பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்துப்போனது. கணவன் காபி போட்டுக் கொடுப்பான். “நல்லாத் தேடும்மா, உன் ப்ரோகிராம்ல எங்கயாவதுதான் இருக்கும்” என்பான். அந்த ஆறுதலில்தான் மூன்று வாரத்தை ஓட்டினாள்.

இன்று காலை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் எண் கொடுத்தாள். சர்வர் ‘சரி’ சொன்ன பத்தாவது விநாடி, அந்த எண் உன்னிடம் இருக்கிறதா என்று ப்ராக்ஸியைச் சர்வரிடமே திரும்பக் கேட்க வைத்தாள். நூற்றில் பதினொன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தது.

சர்வரின் ப்ரோகிராமைத் திறந்தாள். கூட்டம் அதிகமானால் பதிவைச் சேமிக்காமலேயே ‘சரி’ என்று சொல்லிவிடு என்று அதில் நாலைந்து வரி இருந்தது. பக்கத்தில் தேதி, முதல் புகாருக்கு முந்தின நாள். எழுதியவன் அவள் கணவன். ஏமாந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏமாற்றியவனிடமே போய் ஆறுதல் தேடியிருக்கிறாளே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சாப்பாட்டு அறையில் அவன் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். லேப்டாப்பை அவன் முன்னால் வைத்தாள்.

அவன் பார்த்தான். டப்பாவை மூடினான். “மத்தியானம் ஆனா சர்வர் படுத்துடுது. உன் ப்ராக்ஸி வேற விடாம அனுப்புது. ரெண்டு நாளைக்குன்னுதான் போட்டேன்.”

“அதைக் கேக்கல. பதிவு காணாமப் போறது இதனாலதான்னு எப்போ தெரியும் உங்களுக்கு?”

“மொத புகார் வந்தப்பவே.”

“நான் தேடுறதைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க.”

“மெதுவாப் பேசு. நீ கெட்டிக்காரி, எங்க போனாலும் உனக்கு வேலை கிடைச்சுடும். எனக்குக் கிடைக்குமா? நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலையாவது நிக்கட்டும்னு பாத்தேன்.”

“அந்த ஒருத்தர் யாருன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவன் டப்பாவின் மூடியை இன்னும் இறுக்கினான். பிறகு, ஏதோ உபகாரம் செய்துவிட்ட மாதிரி சொன்னான்: “அந்த லெட்டரைக்கூட மேனேஜர் என்னைத்தான் எழுதச் சொன்னார். உன் மனசு நோகாத மாதிரி பாத்துப் பாத்துத்தான் எழுதினேன்.”

அவள் பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். ‘என் கவனக்குறைவால்’ என்று தொடங்கியது. இத்தனை பதமாக மேனேஜருக்கு எழுத வருமா என்று நேற்று அவள் ஆச்சரியப்பட்டிருந்தாள். நாலாக மடித்து அவன் டப்பாவின் மேல் வைத்தாள். அங்கேயே உட்கார்ந்து, அந்த வரிகளையும் தேதியையும் ஒட்டி மேனேஜருக்கு மெயில் அனுப்பினாள்.

“வீட்ல வெச்சுப் பேசியிருக்கலாமேம்மா” என்றான் அவன்.

“மூணு வாரம் இருந்துச்சே” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.