நாள்காட்டிச் சண்டை

அச்சகத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்ளாவிட்டால் வேலை கெட்டுவிடாது. அந்த இருவருக்கும் வேத வசனம் தெரிந்திருந்தால்தான் வினை.

ஒருவர் முதலாளி. கிறிஸ்தவச் சபையில் மூப்பர், அதனால் வீட்டிலும் மூப்பர்தான். காபியில் சர்க்கரை குறைந்தால்கூட வசனத்தோடுதான் கேட்பார். இன்னொருவர் அவர் மனைவியின் தம்பி, இருபது வருடமாக அச்சு இயந்திரத்தை ஓட்டுகிறவர். மாதக் கடைசியோடு விலகிக்கொள்வதாக அக்காவிடம் சொல்லிவிட்டார். அவர் போனால் அந்தப் பழைய இயந்திரத்தைத் தொட ஆளில்லை. அச்சகத்தை இழுத்து மூட வேண்டியதுதான். மூப்பருக்கும் இது தெரியும். ஆனால் இறங்கிப் போனால் மூப்பர் பட்டம் என்னாவது?

நடந்தது இதுதான். சபைக்கான தினசரி நாள்காட்டியில் மூப்பர் பிழை பார்த்துக் கொடுத்த ஜூன் மாதத் தாள்களில் பதினேழாம் தேதி இரண்டு தடவை இருந்தது. பதினெட்டைக் காணோம். போதகரும் சபையார் நாலு பேரும் நிற்கையில் மச்சான் தாள்களைத் தூக்கிக் காட்டி, "மாமாவுக்குக் கண்ணு போயிடுச்சு. இனிமே நீங்களே ஒரு தடவை பாத்துக்கங்க ஐயா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போதகர்கூட, கொஞ்சம்.

அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் நாள்காட்டிக்குத் தினம் ஒரு வசனம் வேண்டுமே! முதல் ஆறு மாதம் மூப்பர் பொறுக்குவார், மீதி மச்சான். போர் அங்கே மூண்டது. மூப்பர் ஜனவரி முழுக்க நாவடக்கம் போட்டார். பிப்ரவரி முழுக்க நன்றிகெட்டவர்கள். ஜூலையில் பெருமைக்காரர்களைப் பிடித்த மச்சான் செப்டம்பர் வரை விடவில்லை. அக்டோபரில் குருடர்கள் வரிசையாக வந்தார்கள்.

தாள்களை அடுக்கிப் பிணைக்கும் வேலை மூப்பரின் மனைவியுடையது. அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கணவரிடம் வந்தார்.

"ஏங்க, வருஷத்துல ஒரு நாளாவது ஆறுதலா ஏதாச்சும் இருக்கா? காலங்காத்தால தாளைக் கிழிச்சா, அது ஆளைக் கிழிக்குதே!"

"வேதத்துல இருக்கறதைத்தான் போட்டேன்."

"மார்ச் நாலாந்தேதி என்ன போட்டிருக்கீங்க?"

மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சகோதரன் உனக்கு விரோதமா தப்பு பண்ணா, போயி அவனும் நீயும் தனியா இருக்கறப்ப எடுத்துச் சொல்லுன்னு. உன் தம்பிக்காகவே போட்டது. நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கினானே, தனியா வந்து சொன்னா வாய் வலிக்குமா?"

"சரி, அவன் உங்களுக்குத் தப்பு பண்ணிட்டான்."

"பின்ன?"

"அப்ப எந்திரிச்சுப் போக வேண்டியது யாரு?"

மூப்பர் வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை. முப்பது வருட இல்லறத்தில் இது முதல் தடவை.

மதியம் கிளம்பினார். முன்னுரை, மூன்று குறிப்புகள், முடிவுரை எல்லாம் தயார். போய்ப் பார்த்தால் மச்சான் இயந்திரத்துக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கால்களுக்குப் பிரசங்கம் செய்து மூப்பருக்குப் பழக்கமில்லை.

"மச்சான்..."

"தனியாவா வந்தீங்க? கமிட்டியைக் கூட்டிட்டு வருவீங்கன்னுல்ல நெனைச்சேன்."

"தனியாத்தான்." முன்னுரை மறந்துவிட்டது. "நீ அன்னிக்கு அவங்க முன்னாடி சொன்னது ரொம்ப வலிச்சுதுடா."

அடியில் முடுக்கும் சத்தம் நின்றது.

"ஏன்னா அது நெசம். ஆறு மாசமா எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது. உங்கக்காகிட்டகூடச் சொல்லலை."

மச்சான் வெளியே வந்தார். மை அப்பிய கையைப் பழந்துணியில் வெகுநேரம் துடைத்தார்.

"தெரியும் மாமா. நாலு மாசமா நீங்க பாத்த தாளையெல்லாம் திரும்பப் பாத்துட்டுத்தான் ஓட்டறேன். அன்னிக்குக் காலைல என்னையே கவனமில்லாதவன்னு திட்டினீங்களா, சுள்ளுன்னு ஏறிடுச்சு. இருந்தாலும் உங்ககிட்டதான் சொல்லியிருக்கணும். தப்புதான்."

இந்த இடத்துக்கு அம்சமான வசனம் ஒன்று மூப்பரின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார். சபை வரலாற்றில் எழுத வேண்டிய சம்பவம்.

"திட்டினது என் தப்பு" என்றார்.

"நாளைக்கே கண் டாக்டர்கிட்ட போறோம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீதான் மாசக் கடைசில போறவனாச்சே?"

"கண்ணாடி போட்டுட்டு நீங்க என் வேலையில எத்தனை நொட்டை கண்டுபிடிக்கறீங்கன்னு பாக்காம எப்படிப் போறது? நான் எங்கயும் போகலை."

மூப்பர் சிரித்தார். பிறகு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு விஷயத்தை உங்கக்காகிட்ட நீயே சொல்லிடேன்."

"ஐயய்யோ! ஆறு மாசமா மறைச்சிருக்கீங்க, அதுக்கெல்லாம் தனியாப் போக முடியாது" என்றார் மச்சான். "வாங்க, ரெண்டு பேருமே போவோம்."