இருபது வரை

இன்னும் பதினொரு நாள்தான் என் மகளுக்குப் பள்ளிக்கூடம். பதினெட்டு வயது முடிந்தால் ஆட்டிசம் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. அப்புறம் என்ன செய்வாள் என்று கேட்டதற்கு, ஒரு டீச்சரைப் போட்டு, என் கையில் தடித்த ஃபைல் ஒன்றைக் கொடுத்தார்கள். உள்ளே கலர் கலராகக் கட்டங்கள் இருந்தன. வேலை மட்டும் இல்லை.

இரண்டு வருஷம் அலைந்து மண்டை காய்ந்த பிறகு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரே ஒரு இடம் தெரிந்தது. போர்வையும் தலையணை உறையும் பிரித்து மடிக்கிற வேலை. வீட்டில் நான் மடித்து வைத்ததைப் பிரித்துப் போட்டுத் திரும்ப மடிக்கிறவள் அவள். வேலை பற்றி எனக்குக் கவலையே இல்லை. நேர்காணலை நினைத்தால்தான் பயம்.

"அவளுக்குப் பதில் வர நேரமாகும். மனசுக்குள்ள இருபது எண்ணுங்க. சூப்பர்வைசர்கிட்டயும் முதல்லயே சொல்லிடுங்க," என்று டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நானும் நன்றாகத் தலையாட்டியிருந்தேன்.

சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குள்ளும் மெஷின் இரைச்சல் கேட்டது.

"காலையில எத்தனை மணிக்கு வரமுடியும்மா?" என்று மகளிடம் கேட்டார்.

"ஆறு மணிக்கெல்லாம் வந்துருவா சார்," என்றேன் நான்.

"இந்தச் சத்தம் ஒத்துக்குமா?"

"காதுக்கு மாட்டிக்கிறது வச்சிருக்கா சார்."

மூன்றாவது கேள்விக்கும் முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் முந்தினேன். டீச்சர் முதலிலேயே சொல்லச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

அவர் பேனாவை மூடினார். "வேலைக்கு வரப்போறது நீங்களா, உங்க பொண்ணா?"

சுருக்கென்றது. டாக்டர், கண்டக்டர், கடைக்காரர், சொந்தக்காரர் என்று பதினெட்டு வருஷம் இவளுக்காகப் பேசிப் பேசித் தேய்ந்த வாய் இது. நிறுத்து என்றால் உடனே நிற்குமா?

"பொண்ணு பேசவே மாட்டேங்குதே. இங்க நாற்பது பேரு வேலை பாக்கறாங்க. கூட ஒரு ஆள் வச்சுப் பதில் வாங்கவா முடியும்?" நான் கொடுத்திருந்த ஃபைலை என் பக்கம் தள்ளினார். எதிரே உட்கார்ந்திருப்பவளை வைத்துக்கொண்டே சொன்னார். எரிச்சல் வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

"தப்பு என்மேல சார். அவளுக்குப் பதில் வர நேரமாகும். இன்னும் ஒண்ணே ஒண்ணு கேளுங்க. கேட்டுட்டு இருபது எண்ணுங்க. நான் வாயத் திறக்கல."

சலித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். "பஸ் வரலேன்னா என்ன பண்ணுவ?"

மனசுக்குள் எண்ணினேன். ஏழில் பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பதினொன்றில் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினேழில் மகள் மேஜையைப் பார்த்தபடி பேசினாள்.

"உங்களுக்கு போன் பண்ணி லேட்டாகும்னு சொல்வேன். அம்மாவுக்குப் பண்ணமாட்டேன். அவங்க என்னைப் பேச விடமாட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் காந்தியது.

"ஒரு வாரம் பார்க்கலாம். திங்கக்கிழமை வர்றியா?"

வருவா சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். எதிரே சூப்பர்வைசரின் உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அவரும் எண்ணிக்கொண்டிருந்தார்.