இரண்டு பை இலை

சாவியில் கை வைத்தபடி காந்திமதி காத்திருந்தாள். தூக்கி நிறுத்தியிருந்த பானட் முன்கண்ணாடியை முழுவதும் அடைத்திருந்தது. அதற்கு அப்பால்தான் சங்கரபாண்டியன் நின்றிருந்தான்.

"நான் சொன்னதும் ஸ்டார்ட் பண்ணு" என்று சாவியை அவள் மடியில் போட்டுவிட்டுப் போயிருந்தான். முந்தின நாள் இரவுக்குப் பிறகு அவன் அவளிடம் பேசியது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை இரவு வோபர்னில் இருந்த நண்பர் அருளானந்தம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, ஏழு வயதான அந்த நீலக் கார் மூன்று முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. காந்திமதியும் அருளானந்தத்தின் மனைவி பரமேஸ்வரியும் பட்டுப்புடவையோடு இறங்கித் தள்ளினார்கள். மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டே, "எங்க வீட்டு இன்ஜினீயர் வரைஞ்ச தாள்ல எல்லாம் நல்லா ஓடும் அக்கா. ரோட்டுலதான் ஓடாது" என்றாள் காந்திமதி. எல்லோரும் சிரித்தார்கள். அவனும்கூடச் சிரித்தான். வீடு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் படுத்துக்கொண்டான்.

காலையில் கடைக்கு நடந்தே போய் ஏர் ஃபில்டர் வாங்கி வந்தான். அவன் இன்ஜினின் மேலிருந்த வாணலி மாதிரி வட்ட மூடியைத் திருகிக் கழற்றுவதை அவள் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உள்ளே இருந்த காகித வளையம் மடிப்புக்கு மடிப்பு கருத்துப் போயிருந்தது. அதைத் தரையில் இரண்டு தட்டு தட்டி, வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். வெளிச்சம் ஊடுருவவே இல்லை. 'பார்த்தாயா' என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டான். தான் பார்க்க வேண்டும் என்றுதான் ஆட்டுகிறான் என்று அவளுக்குத் தெரியும்.

இருவர் மட்டுமே இருந்த அந்த வீட்டில், ஒன்பது வருஷத்தில் ஒரு சண்டைகூட மன்னிப்பில் முடிந்ததில்லை. "டார்ச்சைப் பிடி", "அந்த முனையைப் பிடி" என்று அவன் ஏதாவது வேலை சொல்வான். அவள் பிடிப்பாள். சண்டை முடிந்துவிடும். இன்றைக்குக் காரை ஸ்டார்ட் பண்ண வேண்டும். அவ்வளவுதான். ஆனாலும் முதலில் தான் வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்தாள். அவனே சொல்லட்டும்.

அவன் சொல்லவில்லை.

இரும்பில் இரும்பு பட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அவள் கண்ணாடியைத் திருப்பிப் பொட்டைச் சரிசெய்தாள். ஸ்டியரிங்கில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். கூப்பிடுவது போல ஹாரனை லேசாகத் தொட்டாள். பதில் இல்லை. இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று சிரிப்புத்தான் வந்தது. கொஞ்சம் கழித்து அழுத்தியே அடித்தாள்.

அவள் இறங்கிப் போனபோது அவன் மண்டியிட்டு, நெற்றியைக் காரின் முன்பக்கத்தில் சாய்த்திருந்தான். புது ஃபில்டர் அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. மூடி தரையில் கிடந்தது.

*

"ஒரு நொடிதான். விளக்கை அணைத்த மாதிரி. அவருக்கே தெரிந்திருக்காது" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாதது போல அருளானந்தம் அதைத் தமிழில் திரும்பச் சொன்னார். எவ்வளவு நேரத்தில் பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். "உடனே" என்றாள். எதற்கு உடனே என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டு மிஸஸ் மக்ரே கேக்கோடு வந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள்.

"நேற்று நான் வாசலில் உதிர்ந்த இலையை வாரிப் பையில் கட்டிக்கொண்டிருந்தேன். அவருக்குக் கைகூட ஆட்டினேன். இரண்டு கையையும் காரில் ஊன்றிக் குனிந்து நின்றார். இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார் போல என்று விட்டுவிட்டேன்."

இன்ஜின் ஓடவே இல்லையே என்று காந்திமதிக்குத் தோன்றியது.

"எவ்வளவு நேரம் நின்றார்?"

கிழவி யோசித்தாள். "நேரம் தெரியவில்லை, கண்ணே. நீ ஹாரன் அடிப்பதற்குள் இரண்டு பை கட்டினேன்."

அவள் போன பிறகு காந்திமதி ஜன்னலில் நின்றாள். எதிர்ப்புறம் நடைபாதை ஓரத்தில் இரண்டு பைகள் வாய் கட்டி உட்கார்ந்திருந்தன. குவித்து வைத்த இலையை அள்ளிப் போட்டாளா, வாரி வாரிப் போட்டாளா? வியாழக்கிழமை மழை பெய்ததே. ஈர இலை என்றால் சீக்கிரம் அமுங்கும். பை நிறைய நேரமாகும். இல்லை, காய்ந்த இலைதான் பொங்கிக்கொண்டு நிற்குமோ? கிழவிக்கு முழங்கால் வலி வேறு.

"என்ன பிள்ளை அங்கை பாக்கிறாய்?" என்றாள், ராத்திரியிலிருந்து கூடவே இருந்த பரமேஸ்வரி.

"அக்கா, ஒரு பை இலை அள்ள எவ்வளவு நேரம் ஆகும்?"

புத்தி பேதலித்துவிட்டதோ என்பது போலப் பரமேஸ்வரி அவள் முகத்தையே பார்த்தாள். "விசர்க்கதை கதையாதை. முதல்லை உந்தப் பாலைக் குடி."

பாளையங்கோட்டையில் சங்கரபாண்டியனின் அண்ணன் வீட்டில் போன் கிடையாது. சாவுச் செய்தி நேற்றே தந்தியில் போயிருந்தது. பக்கத்து வக்கீல் வீட்டுக்கு அருளானந்தம் டிரங்க்கால் பதிந்திருந்தார். ஒன்பது மணிக்குக் கிடைக்கும் என்றார்கள். பத்தரை ஆகியும் வரவில்லை.

"வாயிலை தண்ணி விட்டனியோ எண்டு கட்டாயம் கேப்பினம்" என்றாள் பரமேஸ்வரி மெதுவாக. "விட்டனான் எண்டு சொல்லு. உவ்வளவு தூரத்திலை இருக்கிற சனம். அதுகளுக்கு வேறை என்ன ஆறுதல்? கடைசியா முருகா எண்டு சொன்னவர் எண்டும் சொல்லு."

"அந்த மனுசன் கோயில் பக்கமே போறேல்லையே" என்றார் அருளானந்தம்.

"நீங்கள் சும்மா இருங்கோ."

போன் அடித்தது. மூன்று நிமிடம் என்றாள் ஆபரேட்டர். பிறகு காற்று. காற்றுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"தாயி... காந்தி... கேக்குதா?"

"கேக்குது பெரியத்தான்."

அவர் வாய்விட்டு அழுதார். அழுகை விட்டு விட்டுக் கேட்டது. யாரோ பின்னால் அவரை அதட்டினார்கள். வக்கீலாக இருக்கும்.

"அம்ம இங்கதான் நிக்கா தாயி. வாயில ஒரு சொட்டுத் தண்ணி விட்டியான்னு கேக்கா. நீ பக்கத்துலதான இருந்த?"

பரமேஸ்வரி, சொல்லு சொல்லு என்று தலையை அசைத்தாள்.

"பக்கத்துலதான் இருந்தேன்."

'இருந்தேன்' என்று அவள் குரலே அவள் காதுக்குத் திரும்பி வந்தது. அது அடங்கும்வரை பொறுத்தாள்.

"ஆனா நான் பாக்கல பெரியத்தான். வண்டிக்குள்ள உக்காந்திருந்தேன். பானட் மறைச்சிருந்துது. அவங்களே கூப்பிடட்டும்னு இருந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல. டாக்டர் ஒரு நொடிங்கார். எதுத்த வீட்டம்மா ரெண்டு பைங்கா. எனக்குத் தெரியல. தண்ணி விடல."

பரமேஸ்வரி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

போனில் இரைச்சல் மட்டும் இருந்தது. அழுகை இல்லை, மூச்சு இல்லை, வக்கீல் குரலும் இல்லை.

"பெரியத்தான்?"

'பெரியத்தான்' என்று அவள் குரல்தான் வந்தது.

அருளானந்தம் கடிகாரத்தைப் பார்த்தார். "லைன் அறுந்திட்டுது போலை. வையுங்கோ தங்கச்சி, திரும்பப் புக் பண்ணுவம்."

"இல்ல அண்ணை. கேட்டுட்டுதான் இருப்பாங்க."

"ஒரு சத்தமும் இல்லையே அம்மா."

அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, வயரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ரிசீவரை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினாள்.