கண்ணில் படாத வேம்பு

சாமிக்கண்ணு, தையல்நாயகி தம்பதியின் மகள் வேம்பு கண்ணுக்குத் தெரியாமல் போனது 1955ஆம் வருஷம் மாசி மாதத்தில், மில்லில் காலைச் சங்கு ஊதி ஓய்ந்த சற்று நேரத்தில். அவளுக்கு அப்போது மூன்று வயது. அம்மாவின் இடுப்பில் இருந்தாள், இருந்தபடியே மறைந்தாள். கனம் மட்டும் இடுப்பில் அப்படியே இருந்தது, அழுகையும் கேட்டது. முதலியார்பேட்டையில் அந்த வாரம் இதைவிட அரிசி விலை ஏறியதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள். ஊரே அப்போது ரெண்டுங்கெட்டானாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். போன ஐப்பசியில்தான் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியிருந்தது. ஆனால் சட்டப்படி புதுச்சேரி இன்னும் கைமாறவில்லை, பாரீசில் ஒப்புதலாக வேண்டும் என்றார்கள். ஊரே இருந்தும் இல்லாமல் இருக்கும்போது, ஒரு பிள்ளை அப்படி ஆனதை யார் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்.

அது தையல்நாயகி தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டதுதான். அவளுடைய மூத்த பிள்ளை ராமலிங்கம், பிரெஞ்சுக்காரன் காலத்தில், அம்மை குத்திய அடுத்த வாரமே காய்ச்சல் கண்டு செத்துப்போனான். குத்தியவர் தேவதாஸ். சர்க்காரில் அம்மை குத்துகிற உத்தியோகம், கையில் தகரப் பெட்டி, தலையில் வெயில் தொப்பி. தெருவில் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்று கூப்பிடுவார்கள். பிள்ளையின் கையில் ஒரு துளி மருந்தை வைத்து, அதன்மேல் பல் வைத்த சின்ன வட்டு ஒன்றை அழுத்தித் திருகுவார். அலறல் தெருக்கோடி வரை கேட்கும். சாமிக்கண்ணு மில்லில் நூல் நூற்கிற பிரிவில் இருந்தான், சங்கக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருகிறவன். குத்துவதற்கு முந்தின நாளே பையனுக்கு உடம்பு சுட்டது என்பது அவன் கட்சி. "தொட்டுப் பாத்தவன் நானு" என்பான். "பெத்தவ நானு" என்பாள் அவள். இந்த வழக்கு அந்த வீட்டில் தீரவே இல்லை. பையன் எதனால் செத்தான் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்துப் புதுச்சேரியில் அம்மை குத்துகிறவரிடமிருந்து தப்ப ஒரு நல்ல வழி இருந்தது. பிரெஞ்சு எல்லையும், வெள்ளைக்காரன் போன பிறகும் இங்கிலீசு எல்லை என்றே சொல்லப்பட்ட இந்திய எல்லையும், பழம்புடவையில் போட்ட ஒட்டு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கிடந்தன. இந்தப் பக்கம் தேவதாஸ் வருகிறார் என்று தெரிந்தால் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வயலைத் தாண்டி அந்தப் பக்கம் போய் வரப்பில் உட்கார்ந்துகொள்வார்கள். அந்தப் பக்கத்து ஆள் கிளம்பினால் அங்குள்ளவர்கள் இங்கே வருவார்கள். வழியில் இரண்டு கூட்டமும் எதிர்ப்பட்டு வெற்றிலை மாற்றிக்கொள்வதும் உண்டு. வேம்பு கைக்குழந்தையாக இருந்தபோது தையல்நாயகி அவளைக் காப்பாற்றியது அப்படித்தான். கொடி மாறியதும் எல்லை போயிற்று. ஊரெல்லாம் பட்டாசு வெடித்த நாளில் அவள் மட்டும் மகளை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரே சர்க்கார்தான்.

ஆகவே தெருக்கோடி மாரியம்மனிடம் போய் ஈரப்புடவையோடு விழுந்தாள். "ஆத்தா, ஒண்ணக் குடுத்துட்டேன். இத அந்த ஆளு கண்ணுல காட்டாத." அம்மன் காட்டவில்லை. ஆள் பார்த்து மறைக்கிற வழக்கம் அம்மனுக்கு இல்லை போலிருக்கிறது, எல்லாருக்குமாகச் சேர்த்து மறைத்துவிட்டாள். தேவதாஸ் வாசலுக்கு வந்தபோது தையல்நாயகி இடுப்பை ஒருபக்கம் சாய்த்து, வெறுங்காற்றை அணைத்துக்கொண்டு நின்றாள். அவர் ஏற இறங்கப் பார்த்தார். ராமலிங்கத்தை அவரும் மறக்கவில்லை. ஒன்றும் கேட்காமல் எதிர்வீட்டுக்குப் போனார். அவர் முதுகைப் பார்த்து அவள் சிரித்தாள். மகளைக் கீழே இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. சாயங்காலம் மில்லிலிருந்து வந்த சாமிக்கண்ணு, கையால் துழாவி மகளின் தலையைக் கண்டுபிடித்தான். "ஒளிச்சு வெச்சியே, இப்ப எடு பாக்கலாம்" என்றான். அன்று அவன் சாப்பிடவில்லை.

வீடு பழகிக்கொண்டது. பாவாடை சட்டை எல்லாம் அவள் உடம்பில் பட்டதும் மறைந்துவிடும். கொலுசும் மறைந்தது, ஆனால் அதன் சத்தம் மறையவில்லை என்பதால் தையல்நாயகி கனத்த கொலுசாகப் பார்த்துப் போட்டாள். தட்டில் சோறு குறைவதை வைத்துப் பசியைத் தெரிந்துகொண்டார்கள். தெருப்பிள்ளைகள் எல்லா விளையாட்டுக்கும் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள், கண்ணாமூச்சிக்கு மட்டும் மாட்டோம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இடம் கொடுத்தார். பதில் சொல்வது அவள்தானா, பக்கத்தில் இருக்கிறவளா என்று அவருக்குச் சந்தேகம் வந்ததால் எல்லாவற்றுக்கும் பாதி மார்க் போட்டார். எதிர்வீட்டுத் தனக்கொடி அதே வேண்டுதலைத் தன் பிள்ளைகளுக்கும் செய்துபார்த்தாள். பிள்ளைகள் பளிச்சென்று தெரிந்தார்கள், தேவதாஸ் பிடித்துக் குத்திவிட்டார். தையல்நாயகிக்கு இதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. கர்வத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளின் முகம் அவளுக்கு மறந்துகொண்டே வந்தது. தலை பின்னும்போது விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். விரலுக்கு மூக்கு தெரிந்தது, மூக்கில் யார் சாயல் என்று தெரியவில்லை. இதற்கிடையில் வடிவேல் பிறந்தான். அவன் எல்லார் கண்ணுக்கும் நன்றாகத் தெரிந்தான். அவனுக்கும் அவள் குத்தவிடவில்லை.

1958 பங்குனியில் ஊருக்குள் பெரியம்மை வந்தது. தையல்நாயகி பயப்படவில்லை. "யாரு கண்ணுக்கும் தெரியாதவள ஆத்தா மட்டும் எங்கேருந்து பாத்துடப் போறா" என்றாள். சாமிக்கண்ணு விடவில்லை. "மறைச்சு வெச்சவளுக்கு வெச்ச எடம் தெரியாதா?" என்றான். நாலைந்து நாளில் வேம்புவின் பாய் சுட்டது. பிறகு ஒரு காலையில் பாய்க்குமேல் அந்தரத்தில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. புள்ளிகள் திரண்டு முத்தாயின. முத்துகள் நெற்றியை எழுதின, கன்னத்தை எழுதின, மூக்குத்தண்டை, காது மடலை, உள்ளங்காலை எழுதின. மூன்று வருஷம் கழித்துத் தையல்நாயகி மகளின் முகத்தைப் பார்த்தாள். ராமலிங்கத்தின் மூக்கு. அவனுடைய அதே மேல்தூக்கிய உதடு. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததை நினைத்தபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பிள்ளை வலியில் முனகிக்கொண்டிருந்தாள், இவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அம்மை கண்ட வீட்டுக்கு உள்ள முறைப்படி வாசலில் வேப்பிலை செருகினார்கள், தாளிப்பதை நிறுத்தினார்கள், சாமிக்கண்ணு சங்கத்து ஆபீசில் படுத்துக்கொண்டான். பகலில் வாசலுக்கு வெளியே நின்று ஒரே பேச்சுத்தான் பேசினான். "வடிவேலுக்காவது குத்திடு தையலு. இப்பக்கூட நேரமிருக்குன்னு முசே சொல்றாரு." ஆத்தா வீட்டுக்குள் இறங்கியிருக்கும்போது ஊசி நுழையக் கூடாது என்பது ஊரறிந்த விஷயம். தனக்கொடி தன் வாசலிலிருந்தே கையை ஆட்டினாள். "வாணாம் தையலு. ஆத்தாவுக்குக் கோவம் வந்தா ரெண்டையும் எடுத்துக்கும்." தையல்நாயகி வேப்பங்கொத்தால் மகளுக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். குத்தினால் வடிவேலும் ராமலிங்கம் போன வழியில் போவான். குத்தாவிட்டால் வேம்பு கிடக்கிற பாயில் கிடப்பான். வடிவேல் தூளியில் காலை உதைத்துக்கொண்டிருந்தான். அப்போது வேம்பு பாயிலிருந்து கேட்டாள்.

"ஏம்மா, தம்பிதான் முன்னாடியே தெரியிறானே. அவனுக்கு இன்னாத்துக்கு முத்து?"

தையல்நாயகி எழுந்து வாசலுக்கு வந்தாள். "முசேவ வரச் சொல்லு" என்றாள் புருஷனிடம்.

தேவதாஸ் தகரப் பெட்டியோடு வந்து வேப்பிலைக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். உள்ளே பாய்மேல் முத்துகளால் ஆன ஒரு பெண்பிள்ளை படுத்திருப்பதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று காற்றை அணைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனதை நினைக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "ஏம்மா, நானே குத்தணுமா?" என்று கேட்டார். "நீங்கதான். காய்ச்சல் வருமா?" "வரும்மா. பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள்ல எறங்கிடும்." அவள் பையனை மடியில் வைத்து அவன் கையைத் தானே பிடித்துக்கொடுத்தாள். வட்டு திருகியபோது பையன் அலறினான், அவள் கையை விடவில்லை. காய்ச்சல் வந்தது. அது இறங்கும்வரை ஒரு பக்கம் மகள் தலைமாட்டிலும் ஒரு பக்கம் தூளியிலும் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் இறங்கியது. வடிவேலுக்கு அம்மை வரவே இல்லை. தெருவில் குத்திக்கொள்ளாதவர்களில் சிலர் போய்ச் சேர்ந்தார்கள். தனக்கொடி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு அவள் மாரியம்மனுக்கு நன்றி சொன்னாள்.

வேம்பு பிழைத்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பொருக்கு உதிர்ந்த பிறகு தழும்புகள் மட்டும் நின்றன. மற்றவை மறைந்தே இருந்தன. ஆனால் முகம் எங்கே இருக்கிறது என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்தது, பேசுகிறவர்கள் அதைப் பார்த்துப் பேசினார்கள். வாத்தியார் முழு மார்க் போட ஆரம்பித்தார். பிறகு வந்த வருஷங்களில் தேவதாஸ் தெருவுக்குள் வரும்போது வேம்பு அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பது வழக்கமாயிற்று. அந்தரத்தில் தழும்புகள் கொலுசுச் சத்தத்தோடு நடந்து வருவதைப் பார்த்த தாய்மார்கள், வாக்குவாதம் எதுவும் செய்யாமல் பிள்ளைகளின் சட்டைக் கையை மடக்கிவிட்டார்கள்.

1962 ஆடியில், பாரீசில் ஒருவழியாக ஒப்புதலாகிவிட்டது, அடுத்த மாதம் ஊர் சட்டப்படி மாறுகிறது என்ற பேச்சு வந்தபோது, வேம்பு பிழைத்ததற்கு மாரியம்மனுக்குச் செலுத்த வேண்டிய காணிக்கையைத் தையல்நாயகி நினைத்துக்கொண்டாள். கோயில் வாசலில் வெள்ளித் தகட்டில் கண், கை, கால், முகம் எல்லாம் விற்பார்கள். முகத்தகடு ஒன்று வாங்கினாள். அச்சில் அடித்த வழவழப்பான முகம், யாருக்கும் பொருந்துகிற முகம். வீட்டுக்கு எடுத்துவந்து, வேம்புவை வெளிச்சத்தில் எதிரே உட்காரவைத்து, தையல் ஊசியால் ஒவ்வொரு தழும்பாகப் பார்த்துத் தகட்டில் குத்தினாள். "ஆடாம இருடி" என்று இரண்டு மூன்று தடவை அதட்டினாள். நெற்றி முடிந்து கன்னத்துக்கு வந்தபோது கண் கலங்கி வேலை நின்றது. துடைத்துக்கொண்டு மறுபடி குத்தினாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பூசாரி தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வேம்புதானே?" என்றார்.

"ஆமா சாமி."

அவர் அதை மற்ற முகங்களோடு தட்டில் வைத்துவிட்டு, விபூதி கொடுத்து, அடுத்தவரைக் கூப்பிட்டார்.