ஒட்டுப் போட்ட இடம்

வாயைத் திறக்கக் கூடாது என்று என் கணவரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். விலை பேசும் இடத்தில் அவரை நிறுத்துவதும், கடையைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போவதும் ஒன்றுதான். ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டிகளை ஒட்டிக் கொடுப்பது அவர் தொழில். வேலை முடிந்ததும் எவ்வளவு என்று கேட்டால், "பாத்துக் குடுங்க" என்பார். பார்த்துக் கொடுப்பவர்கள் எந்த லட்சணத்தில் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான மறு வருஷமே கூலி பேசும் வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன்.

இப்போது விற்க வேண்டியது என் தம்பியின் படகு. சின்ன ஃபைபர் படகு. பட்டறைக்குப் பின்னால் பழைய டயர்களின் மேல் ஏற்றி வைத்திருந்தோம். தம்பி போய் நாலு மாசம் ஆகிறது. ஒரு சாயங்காலம் தனியாகக் கடலுக்குப் போனான். மறுநாள் படகு மட்டும் பாதித் தண்ணீரோடு மிதந்துகொண்டிருந்தது. அவன் அதற்கும் அடுத்த நாள்தான் கரை ஒதுங்கினான். என்ன நடந்தது என்று பார்த்தவர் யாருமில்லை. அலைதான் என்று நானே முடிவு செய்து, வந்து கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லி, நம்பவும் பழகிவிட்டேன்.

படகு விற்ற பணம் தம்பி பெண்டாட்டிக்கு. கைக்குழந்தையோடு அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணிக்காரியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடும் சோறு எந்தத் தொண்டையில் இறங்கும்? தனியாக ஒரு வீடு பிடிக்க வேண்டும், ஒரு தையல் மிஷின் வாங்க வேண்டும். ஒன்றரை லட்சம் சொல்லி ஒன்றேகாலில் நிற்பது என்று முடிவு செய்தேன். செத்தவன் படகு என்று தெரிந்தால் பாதிக்குக் கேட்பார்கள். அதனால், தம்பி வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று சொல்வதாகவும் முடிவு. இதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. சொல்லிப் பார்த்தபோது ஒரு நிமிஷம் அது நிஜம் போலவே இருந்தது, அது மட்டும்தான் கஷ்டம்.

வாங்க வந்தவர் கையில் ஒரு பெரிய சாவிக்கொத்து வைத்திருந்தார். அத்தனை பூட்டுக்கும் வீட்டில் என்ன இருக்கிறதோ. மனசுக்குள் அவருக்குச் சாவிக்கொத்து என்றே பெயர் வைத்துவிட்டேன். படகைச் சுற்றி வந்து, சாவியால் இடம் இடமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நல்ல இடம் கணீரென்று கேட்கும், உள்ளே பிரிந்துபோன இடம் பொத்தென்று கேட்கும். என் கணவரும் தொட்டிகளை இப்படித்தான் தட்டிப் பார்ப்பார். அவர் இப்போது கவிழ்த்துப் போட்ட ஒரு தொட்டியின் மேல், நான் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெயின்ட் எல்லாம் போயிருச்சே அக்கா."

"மீனு பெயின்ட்டப் பாத்தா வலையில விழுது?"

"இன்ஜின் மாட்டுற பலகை ஊறிப் போயிருக்கு."

"கடல்ல கெடந்த படகு ஊறாம? பீரோவுக்குள்ளயா வச்சிருந்தோம்?"

"ஓரமெல்லாம் தேஞ்சிருக்கு."

"உங்க செருப்பும்தான் தேஞ்சிருக்கு. நடக்காமலா இருக்கீங்க?"

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நாலு மாசத்துக்குப் பிறகு என் நாக்கு பழையபடி வேலை செய்தது. பழைய சாமான் வாங்குகிறவன் குறை சொல்ல வேண்டும், விற்கிறவள் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் ஆயிரம் இரண்டாயிரம் இறங்கி, கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவான ஓர் இடத்தில் போய் நிற்கும். எல்லா ஊரிலும் இப்படித்தான். இதில் யாரும் யார் பேச்சையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதில்லை.

அப்புறம் அவர் முன்பக்கம் வந்து குனிந்தார். அங்கே, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஒரு முழ நீளத்துக்கு ஒட்டு இருந்தது. பாறையில் உரசிப் பிளந்த இடம். தம்பி கொண்டுவந்து போட, என் கணவர் ஒட்டிக் கொடுத்தது. சாவிக்கொத்து அதைத் தட்டினார், கட்டைவிரலால் அழுத்தினார், உதட்டைப் பிதுக்கினார்.

"இது யாரு போட்ட ஒட்டு? கத்துக்குட்டி வேலையா இருக்கு. அடியில தண்ணி விட்டுக்கிட்டேதான் இருந்திருக்கும். இதை நம்பி எவன் கடலுக்குப் போவான்? எழுபத்தஞ்சுக்கு மேல தாங்காதுக்கா."

நன்றாகத் திருப்பிக் கொடுக்க நான் வாயெடுப்பதற்குள் என் கணவர் எழுந்து வந்தார். அந்த ஒட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எழுபத்தஞ்சே குடுங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஏங்க! உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். உள்ளே அவர் ஒட்டுப் போடும் ரெசின் பசை டப்பாக்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் கத்தல் நின்றுவிட்டது.

"நான் தண்ணி ஊத்திப் பாக்கலடி" என்றார்.

எந்தத் தொட்டியானாலும் அவர் ஒட்டியதும் கொடுத்துவிட மாட்டார். காய்ந்ததும் தண்ணீர் நிரப்பி, வெளியே ஒட்டின் மேல் நியூஸ்பேப்பர் துண்டை ஒட்டி வைப்பார். காகிதம் நனையாவிட்டால்தான் தொட்டி வெளியே போகும். வாடிக்கையாளர் தலைகீழாக நின்றாலும் இதில் மாற்றமில்லை.

"மாப்ள அன்னைக்கே போகணும்னு நின்னான். காஞ்சிருச்சு, போதும் மாமா, போதும் மாமான்னான். சரி எடுத்துட்டுப் போன்னு விட்டுட்டேன். போனவன் வரல. படகுல பாதித் தண்ணி. அது எங்கேருந்து வந்துச்சு?"

நாலு மாசமாக நான் அலை அலை என்று சொன்னபோதெல்லாம் இவர் தலையாட்டினாரே தவிர, ஒருநாளும் தன் வாயால் அலை என்று சொன்னதில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்திலேயே படுத்திருந்தும் எனக்குத் தெரியவில்லை.

வெளியே போய்ச் சாவிக்கொத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியூரும் இல்லை, வேலையும் இல்லை, இது என் தம்பி கடைசியாகப் போன படகு, நீங்கள் குறை சொன்ன ஒட்டுப் போட்டவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்றேன். அந்த மனிதர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ அக்கா, அது வெலை கொறைக்கிறதுக்குப் பேசுறதுதானே! இந்தப் படகுலயே உருப்படியான எடம் அந்த ஒட்டுதான். தட்டுனா கணீர்னு கேக்குது. அதைப் பாத்துட்டுத்தான் வாங்கலாம்னே நெனச்சேன்."

"அதை அவர்கிட்ட வந்து சொல்லுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

சொன்னார். அண்ணே அண்ணே என்று கெஞ்சிச் சொன்னார். என் கணவர் அவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். "நீ சொல்லச் சொன்னியா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் என் வாய்ச் சாமர்த்தியத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். விலை ஏற்றவும் இறக்கவும் நான் என்னென்ன சொல்வேன் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர் நம்ப வேண்டிய ஒரே நேரத்தில் என் பேச்சு செல்லாக் காசாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

குழாயை இழுத்து வந்து படகுக்குள் போட்டுத் தண்ணீரைத் திறந்தேன். "வாங்க. உங்க கண்ணாலயே பாருங்க" என்றேன். முதலில் அவர் வரவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மாறிக்கொண்டே வந்ததும் எழுந்து வந்தார். ஒரு நியூஸ்பேப்பரைக் கிழித்து, ஒட்டின் மேல் வெளிப்பக்கம் துண்டு துண்டாக ஒட்டினார். தண்ணீர் ஒட்டைத் தாண்டி ஏறியதும் நான் குழாயை மூடினேன். மூன்று பேரும் படகின் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து அந்தக் காகிதத்தையே பார்த்தோம். எனக்குச் சாமியிடம் வேண்டிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை, நனையாதே நனையாதே என்று காகிதத்திடமே கெஞ்சினேன்.

வெயில் டயர்களைத் தாண்டி எங்கள் காலடிக்கு வரும்வரை காத்திருந்தோம். காகிதம் நனையவில்லை. என் கணவர் ஒவ்வொரு துண்டாக உரித்து, கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தார்.

"ஒரு சொட்டு இல்லண்ணே" என்றார் சாவிக்கொத்து.

"இல்ல" என்றார் என் கணவர். தம்பியைத் தூக்கியபோதுகூட அழாதவர், அந்தக் காகிதத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். விட்டது சனியன் என்று நினைத்தேன்.

சாவிக்கொத்து என்னைத் தனியே கூப்பிட்டு, "ஒன்னரையே வச்சுக்கோங்கக்கா" என்றார்.

"ஒன்னேகால் குடுங்க போதும். அதுதான் இதுக்கு ஞாயமான வெலை. எறந்தவன் படகுன்னு தெரிஞ்சும் வாங்குறீங்களா?"

"படகு என்னக்கா பண்ணுச்சு, பாவம்" என்றார். பணத்தை எண்ணி என் கையில் கொடுத்துவிட்டு, ஏற்றிப் போக வண்டி கொண்டுவரக் கிளம்பினார்.

படகைக் காலி செய்ய வேண்டும். இதில் தண்ணீர் வடியத் திறந்துவிடும் துளை எதுவும் கிடையாது, அள்ளித்தான் கொட்ட வேண்டும். அவர் ஒரு பக்கெட்டோடு உள்ளே இறங்கினார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு மக்கோடு மறு பக்கம் இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது. அவர் முகம் தெளிந்திருந்தது. இன்று ராத்திரி தூங்குவார் என்று நினைத்துக்கொண்டு அள்ளினேன். தண்ணீர் மளமளவென்று இறங்கியது.

"ரெண்டு பேரா அள்ளுனா சீக்கிரம் வத்திருது, இல்ல?" என்றார்.

"ஆமா."

கொஞ்ச நேரம் அள்ளினார்.

"அன்னைக்கு என்னையும் கூப்பிட்டான்டி. நீங்களும் வாங்க மாமா, சும்மா போயிட்டு வருவோம்னான். கை பூரா ரெசினா இருக்கு, நீ போயிட்டு வாடான்னு சொல்லிட்டேன்."

எந்தக் குழாயை எங்கே திறந்து இதை நான் அவருக்குச் சோதித்துக் காட்டுவது? அவர் நிமிரவே இல்லை, வேக வேகமாக அள்ளிக் கொட்டினார். சற்று நேரத்தில் பக்கெட் வெறும் அடியில் உரசும் சத்தம்தான் கேட்டது. அள்ளுவதற்கு இனி தண்ணீர் இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.